தொட்டிலில் வளரும் மூளை

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? மகளோ மருமகளோ பிரசவத்துக்கு நாள் எண்ணிக் கொண்டிருக்கிறாளா? அப்படியானால் இந்தப் பக்கங்களைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

குழந்தை பால் சரியாகக் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா, ராத்திரி தூங்குகிறதா என்றெல்லாம் பார்த்துப் பார்த்துக் கவனிக்கிறோம். ஆனால் அந்தச் சின்னத் தலைக்குள்ளே நடக்கிற வேலையைப் பற்றி நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. 'மூளைதான் வயித்துக்குள்ளேயே உருவாயிடுமே, அப்புறம் என்ன?' என்று விட்டுவிடுகிறோம். உருவாவது வேறு, முழுமையாவது வேறு. மூளையின் முக்கியமான வேலைகளில் பாதி, குழந்தை பிறந்த பிறகுதான் நடக்கிறது!

எடை கூடுவது எப்படி?

பிறந்த அன்று குழந்தையின் மூளை சுமார் 350 முதல் 400 கிராம். முதல் பிறந்த நாள் கொண்டாடும்போது கிட்டத்தட்ட 900 கிராம். இரண்டு வயதுக்குள் பெரியவர்களின் மூளை அளவில் முக்கால் பங்கைத் தாண்டிவிடும். பெரியவர்களுக்கு 1,300 முதல் 1,400 கிராம்.

அப்படியென்றால் நரம்பு செல்கள், அதாவது நியூரான்கள், தினமும் புதிது புதிதாகப் பிறக்கின்றனவா? அதுதான் இல்லை. நம் மூளையில் உள்ள நியூரான்கள் சுமார் 8,600 கோடி. பெருமூளையின் மேல்பகுதியில் உள்ளவற்றில் ஏறக்குறைய எல்லாமே தாயின் வயிற்றிலேயே பிறந்து, தத்தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடும். பிடரிப் பக்கம் இருக்கும் சிறுமூளையில் மட்டும் பிறந்த பிறகும் சில மாதங்கள் புதிய செல்கள் உண்டாகும்.

பிறகு எடை எப்படிக் கூடுகிறது? ஒவ்வொரு நியூரானும் மரம் மாதிரி கிளை விடுகிறது. ஒரு கிளை பக்கத்து நியூரானின் கிளையைத் தொட்டுப் பேச ஆரம்பிக்கிறது. அந்த இணைப்புக்கு 'சினாப்ஸ்' என்று பெயர். கரண்ட் ஒயர் மேல் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி, நரம்பு இழைகளைச் சுற்றி 'மைலின்' என்கிற கொழுப்பு உறையும் ஏறுகிறது. எடை கூடுவது பெரும்பாலும் இதனால்தான்.

சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் ஹட்டன்லாக்கர், மூளையின் முன்பகுதியில் இந்த இணைப்புகளை மைக்ராஸ்கோப் வைத்து எண்ணிப் பார்த்து 1979-ல் வெளியிட்டார். ஒன்று, இரண்டு வயதில் பெரியவர்களைவிட சுமார் 50 சதவீதம் அதிக நெருக்கமாக இணைப்புகள் இருந்தன! முதலில் தாராளமாக இணைப்புகளைப் போட்டுவிட்டு, உபயோகப்படுவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறது மூளை. தோட்டத்தில் செடியைக் கத்தரித்து விடுவதில்லையா, அது மாதிரி.

மேஸ்திரி யார்?

இத்தனை கோடி இணைப்புகளையும் யார் மேற்பார்வை பார்ப்பது? மரபணுக்கள்தான். அதாவது ஜீன்கள்.

புரதம் தயாரிக்கச் சொல்லும் ஜீன்கள் மனிதனுக்குச் சுமார் 20,000 உண்டு. ஏறக்குறைய எல்லா செல்லிலும் இந்த முழு செட்டும் இருக்கிறது. ஆனால் கல்லீரல் செல் தனக்கு வேண்டியதை மட்டும் படிக்கும், நியூரான் தனக்கு வேண்டியதை மட்டும் படிக்கும். எதை எப்போது, எவ்வளவு படிக்க வேண்டும் என்பதுதான் விஷயமே. வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், கீஸர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃபியூஸ் போய்விடுமே!

இந்த அளவைக் கட்டுப்படுத்துவதற்கென்றே சில ஜீன்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் 'மெக்-பி-2'. எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மின்விசிறிக்கு ரெகுலேட்டர் எப்படியோ, நியூரானுக்கு இது அப்படி. இது தயாரிக்கும் புரதம், மற்ற ஜீன்களின் மேல் போடப்பட்டிருக்கும் சிறு ரசாயன அடையாளங்களைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, அவற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இந்தப் புரதத்தின் அளவு பிறந்த பிறகுதான், நியூரான்கள் முதிர முதிர, நன்றாக ஏறுகிறது. அதனால் இந்த ரெகுலேட்டர் பழுதாகிவிட்டால், பிரசவ அறையில் ஒன்றுமே தெரியாது. சில மாதங்கள் கழித்துத்தான் தெரியும்.

வியன்னாவில் இரண்டு சிறுமிகள்

1954-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட், தன் கிளினிக்கில் காத்திருந்த இரண்டு சிறுமிகளைப் பார்த்தார். இருவரும் அவரவர் அம்மா மடியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஓயாமல் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள், சோப்பு போட்டுக் கை கழுவுகிற மாதிரி! தன் பழைய கேஸ்களைப் புரட்டியபோது அதே மாதிரி இன்னும் சில பெண் குழந்தைகள் இருப்பது தெரிந்தது. 1966-ல் அவர் இதை ஜெர்மன் மொழியில் எழுதினார். உலகம் அதிகம் கவனிக்கவில்லை. 1983-ல் ஸ்வீடனின் டாக்டர் பெங்ட் ஹாக்பெர்க்கும் கூட்டாளிகளும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, 'ரெட் சிண்ட்ரோம்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. ஆறு மாதம், ஒரு வயது வரை குழந்தை நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். சிரிக்கும், உட்காரும், பொம்மையை எடுக்கும், ஒன்றிரண்டு வார்த்தைகூடச் சொல்லும். பிறகு தலையின் வளர்ச்சி மந்தமாகும். கற்றது ஒவ்வொன்றாகப் போகும். பேச்சு நின்றுவிடும். பொருளை எடுத்த கை, பிசைய ஆரம்பிக்கும். வலிப்பு, மூச்சு ஒழுங்கில்லாமல் போவது, முதுகுத்தண்டு வளைவது எல்லாம் பின்னால் சேரலாம்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் லெபனானில் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆராய்ச்சி செய்த டாக்டர் ஹுதா சோக்பி. 1983-ல் இப்படி ஒரு சிறுமியைப் பார்த்தவர், 16 வருடம் விடாமல் தேடினார். 1999-ல் அவரது குழு கண்டுபிடித்த காரணம்தான் நாம் மேலே பார்த்த மெக்-பி-2 ஜீனில் ஏற்படும் பழுது.

ஏன் பெரும்பாலும் பெண்களுக்கு? பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றை மட்டும்தான் உபயோகிக்கும். அதனால் சுமார் பாதி செல்களில் நல்ல ஜீன் வேலை செய்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது பழுதானால் பாதிப்பு மிகக் கடுமையாகி, பல குழந்தைகள் சிசுப் பருவத்தைத் தாண்டுவதில்லை.

இதே ஜீன் இரட்டிப்பாகி, புரதம் அதிகமாகச் சுரந்தாலும் கெடுதல்தான். அது முக்கியமாக ஆண் குழந்தைகளைப் பாதிக்கிறது. ரெகுலேட்டர் குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை!

செத்த மரமல்ல, வாடிய மரம்

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. ரெட் சிண்ட்ரோமில் நியூரான்கள் செத்துப் போவதில்லை. சிறியதாக, கிளை குறைந்து, இணைப்பு குறைந்து நிற்கின்றன. அப்படியானால் ரெகுலேட்டரைச் சரி செய்தால்? எடின்பரோவில் பேராசிரியர் ஏட்ரியன் பேர்டின் குழு இதை எலிகளில் சோதித்தது. நோய் முற்றிய எலிகளில் அந்த ஜீனை மறுபடி வேலை செய்ய வைத்தார்கள். நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் பெருமளவு மறைந்தன! இது 2007-ல் வெளியானது.

எலிக்கு நடந்தது உடனே மனிதருக்கு நடந்துவிடாது. 2023 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 'ட்ரோஃபினெடைட்' என்ற திரவ மருந்தை, இரண்டு வயதுக்கு மேற்பட்ட ரெட் நோயாளிகளுக்கு அனுமதித்தது. அறிகுறிகளைக் கொஞ்சம் குறைக்கும், குணப்படுத்தாது. நல்ல ஜீனையே உள்ளே செலுத்தும் சோதனைகளும் 2023-ல் மனிதர்களில் தொடங்கின. அளவு கூடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் பெரிய சவால். இன்றைக்குக் கையில் இருப்பவை பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, வலிப்பு மருந்து, நல்ல சாப்பாடு. முறையான கவனிப்பில் பலர் நடுத்தர வயது வரை வாழ்கிறார்கள்.

யாரோட தப்பு?

யாரோட தப்பும் இல்லை. கிரகண நேரத்தில் வெளியே வந்தது, பப்பாளி சாப்பிட்டது, தடுப்பூசி போட்டது, இது எதுவும் காரணம் இல்லை. 100-ல் 99 குழந்தைகளுக்கு மேல் இந்தப் பழுது பெற்றோரிடமிருந்து வழிவழியாக வந்ததல்ல, புதிதாக நேர்ந்தது. அதுவும் பெரும்பாலும் அப்பாவின் விந்தணு உண்டாகும்போது தற்செயலாக ஏற்படுவது. அதற்காக அப்பாவையும் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே மாமியார்களே, 'உன் வம்சத்துல யாருக்கு இருந்துச்சு?' என்று மருமகளைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே நொந்து போயிருப்பவளை அது உடைத்துவிடும். அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் மரபியல் டாக்டரிடம் ஒருமுறை ஆலோசனை கேட்டுக்கொள்வது நல்லது.

குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

ரெட் அபூர்வ நோய். அதைவிட அதிகமாக வருவதும், முழுக்கத் தடுக்கக்கூடியதுமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தைராய்டு ஹார்மோன் நியூரானுக்குள் போய் ஜீன்களை முடுக்கிவிடும் வேலையைச் செய்கிறது. சில குழந்தைகள் பிறக்கும்போதே இந்தச் சுரப்பி சரியாக வேலை செய்யாமல் பிறக்கின்றன. பார்த்தால் தெரியாது. பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடி செய்து தாய்ப்பாலில் கலந்து கொடுக்க ஆரம்பித்தால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிக்கின்றன. மாதக்கணக்கில் தள்ளிப் போட்டால் போன அறிவு வளர்ச்சி திரும்பாது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் 'தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தலையின் சுற்றளவை அளக்கச் சொல்லி, கார்டில் குறித்து வாங்குங்கள். பிறக்கும்போது சுமார் 34 செ.மீ., ஒரு வயதில் சுமார் 45 செ.மீ. ஒரு அளவை விட, அளவு ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம்.

* மூன்று மாதத்துக்குள் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, பத்து மாதமாகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை அல்லது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒருமுறை கற்றுக்கொண்டதைக் குழந்தை மறந்தால், எந்த வயதானாலும் சரி, தாமதிக்காதீர்கள். 'அம்மா' என்று சொன்ன குழந்தை சொல்வதை நிறுத்தினால், 'கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போட்டா சரியாயிடும்' என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சுற்றிப் போடுவதாக இருந்தால் போடுங்கள். மறுநாள் காலையில் டாக்டரிடம் போய்விடுங்கள்! செல்போனில் குழந்தையின் பழைய வீடியோவும் புதிய வீடியோவும் இருந்தால் எடுத்துப் போங்கள். டாக்டருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

* குழந்தையோடு பேசுங்கள், பாடுங்கள், தரையில் விட்டுத் தவழ வையுங்கள். கேட்பதும் பார்ப்பதும் தொடுவதும் நியூரானுக்குள் சில ஜீன்களை நிமிடக் கணக்கில் விழிக்க வைக்கின்றன. எந்த இணைப்பு நிலைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் அதற்கும் பங்கு உண்டு.

ஜீன்களை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் அவை வேலை செய்யும் அந்த முதல் இரண்டு வருடமும், குழந்தை இருப்பது நம் மடியில்தான். பக்கத்திலேயே இருந்து பார்க்கிற உங்களைவிட யாரும் முதலில் கண்டுபிடித்துவிட முடியாது. உங்கள் மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், கேட்கத் தயங்காதீர்கள்.