கந்தரோடை: வயலுக்குள் ஒரு பழைய ஊர்

கந்தரோடைக்கு வருகிறவர்கள் பலர் இங்குள்ள பழைய பௌத்தத் தாதுகோபங்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். ஒரு காலைப்பொழுதை முழுதாக இதற்கென்று வைத்துக்கொண்டு வாருங்கள். இந்த ஊரின் கதை கல்லில் தொடங்கவில்லை. தண்ணீரில் தொடங்குகிறது.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் சுமார் பத்துக் கிலோமீற்றர் வடக்கே வந்தால் சுன்னாகம். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. சுன்னாகத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். ஓட்டோ கிடைக்கும்; என்றாலும் சைக்கிளில் போவதையே நான் சொல்வேன். ஒழுங்கைகள் வளைந்து வளைந்து போகும். மதில்களுக்கிடையே இன்னும் மிஞ்சியிருக்கும் கிளுவை வேலிகளையும் பனங்கூடல்களையும் தாண்டி, திடீரென்று வயல்வெளி விரியும் இடத்தில் சைக்கிளை நிறுத்துங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் ஓடுவது வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கத்து மேட்டு நிலத்தில் சேரும் மழைநீர் அளவெட்டி, கந்தரோடை வழியாக இறங்கி அராலியில் கடல்நீரேரியோடு கலக்கிறது. வழியில் உள்ள குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டுத்தான் அது கடலுக்குப் போகும். கந்தரோடைக் குளமும் அவற்றில் ஒன்று. ஆடியில் வந்து "ஆறு எங்கே?" என்று கேட்டால் ஊரவர்கள் காய்ந்த பள்ளத்தைத்தான் காட்டுவார்கள். மார்கழியில் வாருங்கள். வரம்பின் இரு பக்கமும் நெற்பயிர் நிற்க, மதகுக்குக் கீழே தண்ணீர் சலசலக்கும். மாசியில் அரிவு வெட்டு முடிந்துவிடும்.

பள்ளக்காணி நெல்லுக்கு, அதை அடுத்த செம்பாட்டு நிலம் தோட்டத்துக்கு. வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி, வாழை எல்லாம் கிணற்று இறைப்பில் விளைபவை. முன்பு துலா மிதித்து இறைத்தார்கள். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். இன்று அந்த வேலையை மோட்டர் செய்கிறது. கிணற்றடியில் நின்று உள்ளே எட்டிப் பாருங்கள். மேலே சில அடிக்குச் செம்மண், அதன் கீழே துளைதுளையாய் வெண்சுண்ணக்கல். மழைநீர் அந்தத் துளைகளால் இறங்கித் தேங்குவதுதான் குடாநாட்டின் குடிநீர். நல்லது இறங்கும் வழியால் நஞ்சும் இறங்கும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் மின்நிலையத்தின் எண்ணெய்க்கழிவு கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் தீர்ப்பானது. தயவுசெய்து ஒரு பிளாஸ்டிக் போத்தலைக்கூட இங்கே வீசிவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது தாதுகோபங்களுக்கு வருவோம். பனைகளுக்கிடையே சுண்ணக்கல்லாலும் முருகைக்கல்லாலும் ஆன சிறிய அரைக்கோளங்கள் கூட்டமாக நிற்கின்றன. அநுராதபுரத்தின் பெரும் தாதுகோபங்களைப் பார்த்த கண்ணுக்கு இவை குழந்தைகள் போலத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லில் ஏறாமல் சுற்றிவாருங்கள். பலவற்றின் அடித்தளம்தான் பழையது. மேலுள்ள உருவம் பின்னாளில் மீளக் கட்டியது. இவை வழிபாட்டுக்கு எழுப்பியவையா, இறந்த துறவிகளின் நினைவாக எழுப்பியவையா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

1917ஆம் ஆண்டளவில் இங்கே மண்ணை அகழ்ந்து பார்த்தவர் போல் ஈ. பீரிஸ். முத்திரை குத்திய நாணயங்கள், ரோம நாணயங்கள், செப்பு மைக்கோல்கள் எல்லாம் வெளிவந்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு ஆழமாகத் தோண்டியது. தாதுகோபங்களுக்கு வெகு முன்னரே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பது அதனால் உறுதியானது. பொன்னம்பலம் ரகுபதி குடாநாடு முழுவதும் நடந்து செய்த ஆய்வு 1987இல் நூலாக வந்தது. கந்தரோடையை விளங்கிக்கொள்ள அதைவிடச் சிறந்த துணை எனக்குத் தெரியவில்லை. ரோம நாணயம் வயற்கரைக்கு எப்படி வந்தது என்று வியக்க வேண்டாம். வடக்கே மாதகலுக்கு அருகே சம்பில்துறை இருக்கிறது, பழைய துறைமுகம். அங்கு இறங்கிய பண்டத்துக்கு, நெல்லும் நீரும் உள்ள ஊர் இயல்பான சந்தையாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூல் கூறும் தலைநகரான கதிரமலை இதுவே என்று பலர் கருதுகிறார்கள். கந்தரோடையைத் தமக்கே உரியதாக்கத் தமிழர், சிங்களவர் என ஒவ்வொரு தரப்பும் முயல்கிறது. தமிழர் பௌத்தராகவும் இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை ஏற்றுக்கொண்டால், இந்த வயலில் பாதிச் சண்டைக்கு இடமே இராது என்பது என் எண்ணம்.

உழுத நிலத்தின் ஓரம் நடக்கும்போது ஓட்டுத்துண்டு ஏதும் காலில் தட்டுப்படலாம். உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமாக இருந்தால் குனிந்து நன்றாகப் பாருங்கள். பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்த நிறம் அது: காற்றுப் படாத உட்புறம் கறுத்தது, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். பைக்குள் போட்டால் சட்டப்படி குற்றம். அது கிடந்த இடமும் சேர்ந்தால்தான் வரலாறு.

வயலில் வேலை செய்வோரிடம் கேட்டுவிட்டே வரம்பில் இறங்குங்கள். "ஐயா, இதால போகலாமோ?" என்று கேட்டால் போதும், வழியோடு பழைய கதையும் சேர்ந்து வரும்.

வெயில் ஏறுமுன் சுன்னாகத்துக்குத் திரும்பினால் சந்தை கலகலப்பாக இருக்கும். நீங்கள் காலையில் பார்த்த செம்மண்ணின் வெங்காயம் அங்கே குவிந்திருக்கும். பிறகு நகருக்குப் போய், நாவலர் வீதியில் உள்ள அருங்காட்சியகத்தில் கந்தரோடைப் பொருட்களைப் பாருங்கள். திறந்திருக்கும் நேரத்தை முதலிலேயே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.