ஒரே மேசை, இரண்டு கணினி: கேவிஎம் பெட்டி வாங்கும் முன்

அலுவலகம் கொடுத்த விண்டோஸ் லேப்டாப் ஒன்று. சொந்தக் காசில் வாங்கிய மேக்கோ லினக்ஸ் கணினியோ இன்னொன்று. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பலருடைய மேசை இன்று இப்படித்தான் இருக்கிறது. இரண்டு கீபோர்டையும் இரண்டு மவுஸையும் பரப்பி வைத்தால் நோட்டு விரிக்க இடம் இருக்காது. நாள் முழுக்கக் கை இங்கும் அங்கும் அலைந்தால் சாயங்காலம் தோள்பட்டை வலிக்கும். யாரைக் கேட்டாலும் "ஒரு கேவிஎம் ஸ்விட்ச் வாங்கிப் போடு" என்பார்கள். கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றையும் ஒரு பொத்தானில் அடுத்த கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது. நல்ல சாதனம்தான். ஆனால் ஒரு மானிட்டரும் இரண்டு கணினியும் மட்டும் வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை.

திரையைப் பகிர்வது ஒரு வேலை, கீபோர்டையும் மவுஸையும் பகிர்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே பெட்டியிடம் ஒப்படைப்பதால்தான் செலவும் தொல்லையும் கூடுகின்றன. 4கே படத்தை விநாடிக்கு 60 முறை காட்ட, கேபிளில் விநாடிக்குச் சுமார் 12 கிகாபிட் ஓட வேண்டும். கீபோர்டுக்கோ 1.5 மெகாபிட் யூஎஸ்பி வேகமே தாராளம். கேவிஎம் பெட்டியின் விலையில் பெரும்பங்கு வீடியோவுக்காகத்தான் போகிறது. மலிவான பெட்டிகள் பல்லிளிப்பதும் அங்கேதான்: திரை மினுக்குகிறது, கறுத்துப் போகிறது, 4கே படம் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது. அந்த வீடியோ மாற்றும் வேலையை உங்கள் மானிட்டரே ஏற்கெனவே செய்து கொண்டிருக்கலாம். அதன் முதுகுப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்பிளேபோர்ட் அல்லது இரண்டு எச்டிஎம்ஐ இருந்தால் திரைப் பிரச்சினை பாதி முடிந்தது.

கணினி யாருடையது?

எதையும் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இரண்டும் உங்களுடையவை என்றால் மென்பொருளாலேயே காரியம் முடியும். அதைப் பின்னால் பார்ப்போம். ஒன்று நிறுவனத்துடையது என்றால் அந்தக் கதவை மூடிவிடுங்கள்.

கீபோர்டைப் பகிரும் மென்பொருள், நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்து நெட்வொர்க் வழியாக அடுத்த கணினிக்கு அனுப்புகிறது. கடவுச்சொல்லைத் திருடும் கீலாகர் உட்காரும் இடத்தில்தான் இதுவும் உட்கார்ந்திருக்கிறது. நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு அதைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது முழுக்க நியாயம். போதாததற்கு, இந்த மென்பொருள்கள் கிளிப்போர்டையும் பகிர்கின்றன. வாடிக்கையாளர் தரவு உள்ள ஒரு வரியை அலுவலக லேப்டாப்பில் காப்பி செய்தால், அது உங்கள் சொந்தக் கணினியிலும் வந்து நிற்கும். நீங்கள் எதுவும் நினைத்துச் செய்யாவிட்டாலும் அது தரவுக் கசிவுதான். விசாரணை என்று வந்தால் "தெரியாமல் நடந்துவிட்டது" என்ற பதில் எடுபடாது.

அனுமதி கிடைத்தாலும்கூடப் பல இடங்களில் இது வேலை செய்யாது. அலுவலக விபிஎன் ஓடத் தொடங்கியதும், பல நிறுவனங்களின் அமைப்பில், லேப்டாப்பின் எல்லாப் போக்குவரத்தும் விபிஎன் சுரங்கத்துக்குள் போய்விடும். பக்கத்திலிருக்கும் உங்கள் கணினி அதன் கண்ணுக்கே தெரியாது. காலையில் நன்றாக ஓடிய இணைப்பு விபிஎன் போட்டதும் அறுந்துபோனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே அலுவலக லேப்டாப்புக்கு வன்பொருள் வழி மட்டும். அதிலும் ஐடி பிரிவுக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: வெளி யூஎஸ்பி ஸ்விட்ச் வழியாகக் கீபோர்டும் மவுஸும் இணைக்கலாமா, புளூடூத் கீபோர்டு அனுமதி உண்டா, இவ்வளவுதான் கேள்வி. பதில் எழுத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது.

கைக்கு ஒரு ஸ்விட்ச், கண்ணுக்கு மானிட்டர்

நான் முதலில் பரிந்துரைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். இரண்டு கணினியிலிருந்தும் தனித்தனி வீடியோ கேபிள் நேராக மானிட்டருக்குப் போகட்டும். கீபோர்டும் மவுஸும் ஒரு சாதாரண யூஎஸ்பி ஸ்விட்சில் இருக்கட்டும். யூஎஸ்பி ஷேரிங் ஸ்விட்ச் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். கேவிஎம் பெட்டியின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும். மேலே ஒரு பொத்தான், பின்னால் இரண்டு கணினிக்கும் இரண்டு கேபிள். பொத்தானை அமுக்கினால் கீபோர்டும் மவுஸும் ஒரு கணினியிலிருந்து கழன்று அடுத்ததில் சேரும். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கணினி துவங்கும்போது வரும் பயாஸ் திரையிலும், வட்டைத் திறக்கப் பிட்லாக்கர் பின் கேட்கும் திரையிலும்கூட வேலை செய்யும். எந்த மென்பொருளாலும் இது முடியாது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் மென்பொருளே ஓடத் தொடங்கியிருக்காது.

திரையை எப்படி மாற்றுவது? மானிட்டரின் கீழ் விளிம்பில் உள்ள பொத்தானைத் துழாவி மெனுவுக்குள் போய் உள்ளீட்டை மாற்றலாம். இரண்டே நாளில் அலுத்துவிடும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. அனேகமாக எல்லா மானிட்டரும் டிடிசி/சிஐ என்ற மொழியில் கணினியிடமிருந்து கட்டளை வாங்கிக்கொள்ளும். ஒளியைக் கூட்டு, குறை என்பதுபோல உள்ளீட்டை மாற்று என்பதற்கும் ஒரு கட்டளை உண்டு. பதினறும (ஹெக்ஸாடெசிமல்) எண் முறையில் அதன் குறியீடு 60. எச்டிஎம்ஐ 1-க்கு மதிப்பு 11, டிஸ்பிளேபோர்ட் 1-க்கு 0எஃப். இந்தக் கட்டளையை அனுப்ப லினக்ஸில் டிடிசியுடில், விண்டோஸில் கன்ட்ரோல்மைமானிட்டர், மேக்கில் பெட்டர்டிஸ்பிளே இருக்கின்றன.

இதையும் யூஎஸ்பி ஸ்விட்சையும் இணைத்துவிடுகிறது டிஸ்பிளே ஸ்விட்ச் என்ற ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் நிரல். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் அமைப்புக் கோப்பில் மூன்று வரி எழுதினால் போதும்: கவனிக்க வேண்டிய யூஎஸ்பி சாதனத்தின் அடையாள எண், அது வந்து சேர்ந்தால் மானிட்டர் எந்த உள்ளீட்டுக்குப் போக வேண்டும், கழன்றால் எதற்குப் போக வேண்டும். இனி நீங்கள் யூஎஸ்பி பொத்தானை அமுக்கினால், கீபோர்டு கழன்றதை நிரல் பார்க்கும், மானிட்டரை அடுத்த உள்ளீட்டுக்கு அனுப்பும். ஒரு பொத்தானில் மூன்றும் மாறிவிட்டன. கேவிஎம் பெட்டி செய்யும் அதே வேலை, வீடியோ தரத்தில் எந்த இழப்பும் இல்லாமல்.

இதன் பெரிய அழகு, நிரலை உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் நிறுவினாலே காரியம் ஓரளவு நடக்கும் என்பதுதான். அலுவலக லேப்டாப்பைத் தொட வேண்டியதில்லை. ஒரு சிக்கல் மட்டும் வரலாம். சில மானிட்டர்கள், அந்த நேரத்தில் எந்தக் கணினியைக் காட்டுகின்றனவோ அதன் கட்டளைக்கு மட்டுமே காது கொடுக்கும். அப்படிப்பட்ட மானிட்டரில் லேப்டாப்புக்குப் போவது தானாக நடக்கும், திரும்பி வரும்போது மட்டும் மானிட்டர் பொத்தானை அமுக்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

மானிட்டர் மெனுவில் இரண்டு அமைப்புகளைச் சரிபாருங்கள். டிடிசி/சிஐ ஆனில் இருக்க வேண்டும். உள்ளீட்டைத் தானாகத் தேடும் வசதி ஆஃப் ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கணினி தூங்கப் போனதும் மானிட்டர் தன்னிஷ்டத்துக்கு அடுத்ததற்குத் தாவும். 4கே மானிட்டர் என்றால் பழைய எச்டிஎம்ஐ கேபிளையும் போர்ட்டையும் கவனியுங்கள்: எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், மவுஸ் அம்புக்குறி இழுபடுவது கண்ணுக்கே தெரியும். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2.

யூஎஸ்பி ஸ்விட்சுக்குப் பதிலாக, மூன்று சாதனங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் புளூடூத் கீபோர்டையும் மவுஸையும் வாங்கலாம். லாஜிடெக் கே380 மாதிரியானவற்றில் மேல் வரிசையிலேயே மூன்று மாற்று விசைகள் உண்டு. மேசை சுத்தமாக இருக்கும். ஆனால் கீபோர்டைத் தனியாக, மவுஸைத் தனியாக மாற்ற வேண்டும். பல மவுஸ்களில் அந்தப் பொத்தான் அடிவயிற்றில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத்தான் அமுக்க வேண்டும். அடிக்கடி தாவுபவர்களுக்கு இது சரிப்படாது. புளூடூத்தை நம்புகிறவர்கள் பயாஸுக்காக ஒரு பழைய வயர் கீபோர்டை அலமாரியில் வைத்திருங்கள்.

பெட்டி எப்போது தேவை?

இரண்டு மானிட்டர்களைச் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது மூன்று நான்கு கணினிகள் இருக்கின்றன என்றால் கேவிஎம் வாங்குங்கள். அப்போது மலிவானதைத் தொடாதீர்கள். ஈடிஐடி எமுலேஷன் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத பெட்டியில், நீங்கள் அடுத்த கணினிக்குப் போனதும் இந்தக் கணினி "மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள்" என்று நினைத்து, திறந்திருந்த ஜன்னல்களையெல்லாம் கலைத்துப்போடும். பல பெட்டிகளில் கீபோர்டுக்கென்று இருக்கும் போர்ட்டில் செருகினால் ஒலி கூட்டும் விசையும் மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானும் வேலை செய்யாது. பக்கத்திலுள்ள சாதாரண யூஎஸ்பி போர்ட்டில் செருகினால் செய்யும், ஆனால் ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டி மாற்றும் குறுக்குவழி போய்விடும்.

புது மானிட்டரே வாங்கப் போகிறீர்களா? கேவிஎம் உள்ளேயே இருக்கும் மாடலாகப் பாருங்கள். லேப்டாப்புக்கு ஒரே யூஎஸ்பி-சி கேபிள் படத்தையும் கீபோர்டையும் சார்ஜையும் சேர்த்துக் கொண்டுபோகும், இன்னொரு கணினிக்கு ஒரு வீடியோ கேபிளும் ஒரு யூஎஸ்பி கேபிளும். கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.

இரண்டும் உங்களுடையவை என்றால்

இரண்டுக்கும் தனித்தனித் திரை இருந்து, கீபோர்டும் மவுஸும் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு மென்பொருள்தான் சுகம். மவுஸ் அம்பு ஒரு திரையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த திரைக்குள் நுழையும், கீபோர்டும் கூடவே போகும். இரண்டும் விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் 2023 முதல் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் இலவசமாக இருக்கிறது. நான்கு கணினி வரை இணைக்கலாம். மேக்கும் ஐபேடும் என்றால் ஆப்பிளின் யுனிவர்சல் கன்ட்ரோல் உண்டு.

விண்டோஸும் லினக்ஸும் மேக்கும் கலந்திருந்தால் டெஸ்க்ஃப்ளோ. சினர்ஜி என்ற பழைய, புகழ்பெற்ற மென்பொருளின் ஓப்பன் சோர்ஸ் அடித்தளம் அது. பழைய வழிகாட்டிகள் பல இன்னும் பேரியர் என்ற இதே வகை மென்பொருளை நிறுவச் சொல்கின்றன. அதைப் பராமரிப்பார் இல்லை, விட்டுவிடுங்கள். கீபோர்டு செருகியிருக்கும் கணினி சர்வர், மற்றது கிளையன்ட். சர்வரின் ஃபயர்வாலில் 24800 என்ற போர்ட்டைத் திறக்க வேண்டும். மேக்கில் ஆக்சஸிபிலிட்டி அனுமதி கொடுக்க வேண்டும். லினக்ஸில் வேலண்ட் என்ற திரை அமைப்பு ஓடினால் க்னோம், கேடிஇ ஆகியவற்றின் புதிய பதிப்புகள் தேவை. டிஎல்எஸ் குறியாக்கத்தை எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள், முக்கியமாகப் பிஜி விடுதிகளின் பொது வைஃபையில். அங்கே பல ரவுட்டர்கள் ஒரு சாதனத்தை இன்னொன்றோடு பேசவே விடாது. இரண்டு கணினிக்கும் நடுவே ஒரு லேன் கேபிளைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

வேலை நேரத்துப் பழக்கங்கள்

ஹெட்செட்டையும் வெப்கேமையும் யூஎஸ்பி ஸ்விட்சில் செருகாதீர்கள். மீட்டிங்கின் நடுவே அடுத்த கணினியில் ஏதோ பார்க்கலாம் என்று பொத்தானை அமுக்கினால் உங்கள் மைக்கும் சேர்ந்து போய்விடும். மேனேஜர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார், உங்கள் குரல் வராது. அவை நேராக அலுவலக லேப்டாப்பிலேயே இருக்கட்டும்.

எழுந்து போகும்போது இரண்டு கணினியையும் பூட்டுங்கள். விண்டோஸ் விசையும் எல் விசையும் சேர்த்து அமுக்கினால் கண்முன்னே இருப்பது மட்டும்தான் பூட்டப்படும். மறைந்திருக்கும் மற்றது திறந்தே கிடக்கும், யார் வந்து பொத்தானை அமுக்கினாலும் கையில் வந்துவிடும். அதேபோல வால்பேப்பர் நிறத்தையும் இரண்டிலும் வேறுவேறாக வையுங்கள். அலுவலக சர்வரில் ஓட்ட வேண்டிய கட்டளையைச் சொந்தக் கணினியிலோ, நண்பருக்கு எழுதிய வரியை அலுவலக சாட்டிலோ தட்டிவிடும் ஆபத்து உண்மையானது.

மூடிவைத்த மேக்புக், வெளி மானிட்டர் தன்னைவிட்டுப் போனதும் தூங்கிவிடும். பெரிய டவுன்லோடு ஓடுகிறது என்றால் மூடியைத் திறந்தே வையுங்கள். விண்டோஸ் கீபோர்டை மேக்கில் செருகினால் விண்டோஸ் விசை கமாண்டாகவும் ஆல்ட் விசை ஆப்ஷனாகவும் வரும், இடம் தலைகீழாக இருக்கும். மேக்கின் கீபோர்டு அமைப்புகளில் மாடிஃபையர் கீஸ் பகுதிக்குப் போய் அந்தக் கீபோர்டுக்கு மட்டும் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலை மட்டும் அதன் இடத்திலேயே விடுங்கள். டெர்மினலில் ஓடும் நிரலை நிறுத்த அதுதான் வேண்டும்.

தமிழில் தட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. யூஎஸ்பி ஸ்விட்ச் வழியாகப் போவது விசையின் இடம் மட்டும்தான். அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது அந்தந்தக் கணினி. ஆகவே தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இரண்டிலும் தனித்தனியாக அமைக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸிலும் மேக்கிலும் அது கூடவே வருகிறது, லினக்ஸில் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவினால் கிடைக்கும். டெஸ்க்ஃப்ளோ பயன்படுத்தினால் சர்வரை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, எழுதப்போகும் கணினியில் மட்டும் தமிழுக்கு மாறுங்கள். இரண்டு பக்கமும் தமிழில் இருந்தால் எழுத்துகள் குழம்பும். விண்டோஸிலும் க்னோமிலும் மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் போதும். மேக்கில் அது கன்ட்ரோலும் ஸ்பேஸும்.