கார்பன் சக்கரமும் சிக்கனமும்

கேள்வி: என் ரோடு சைக்கிளுக்குக் குறைந்த விலையில் கார்பன் சக்கரம் வாங்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், விஸ்வநத்தம்

பதில்: தங்கள் சைக்கிளின் பிரேக் கட்டை ரிம்மையே பற்றுவதாயின், விலையை விசாரிக்குமுன் பிரேக்கைப் பற்றிச் சிந்திப்பதே விவேகம், ஏனெனில் கார்பன் இழைகளைப் பிணைத்து நிற்கும் பிசின், கொடைக்கானல் மலைப்பாதை போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாது பிடிக்கும்போது எழும் உஷ்ணத்தால் இளகி, ரிம் சிதைந்து, பிராணாபாயம் விளைவிக்கக் கூடும். அத்தகைய சைக்கிளுக்கு அலுமினிய ரிம்மே உத்தமம். டிஸ்க் பிரேக் உடையதற்கோ இந்தப் பயம் இல்லை.

ரிம்மின் ஆழத்திலும் நிதானம் வேண்டும். 50 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஆழம் சமதரையில் வேகத்துக்குச் சகாயமே எனினும், விருதுநகர்ச் சாலையில் ஆடி மாத மேல்காற்று பக்கவாட்டில் மோதுகையில் முன்சக்கரத்தைத் தள்ளிவிடும்; 35 முதல் 45 வரை போதுமானது. கொக்கி விளிம்பில்லாத ரிம்முக்கு அதற்கென்றே அமைந்த ட்யூப்லெஸ் டயர் அவசியம். காற்றழுத்தமும் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டலாகாது.

சாதாரண எஃகுக் கம்பிகளும், வெளியிலிருந்தே திருகத்தக்க நிப்பிள்களும் உள்ள சக்கரத்தையே தேர்ந்தெடுங்கள். கோட்டம் எடுக்கத் தெரிந்த உள்ளூர்த் தொழிலாளியே அதைச் சீர்செய்துவிடுவார். உத்தரவாதமற்ற சக்கரம் எத்துணை மலிவாயினும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயர்கள் வாங்கினால், சௌகரியமும் க்ஷேமமும் ஒருங்கே கிட்டும்.