காலியாக இருக்கும் குளியலறையில் யார் ஃப்ளஷ் செய்வது?

கேள்வி: ஃப்ளஷ் செய்து அரை மணி நேரம் ஆனாலும் எங்கள் வெஸ்டர்ன் டாய்லெட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்பதில்லை. சில நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, உள்ளே யாரும் போகாமலே தொட்டி ‘புஸ்ஸ்’ என்று நிரம்புகிறது. மாமியார் காற்று கருப்பு என்கிறார். இதைக் கண்டுபிடித்தவர்கள் இதையெல்லாம் யோசிக்கவே இல்லையா?
– வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: யோசித்தார்கள், தீர்த்தும் வைத்தார்கள். அந்தத் தீர்வைத்தான் நாம் கழற்றிப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டோம்.

முதலில் காற்று கருப்பு. இங்கிலீஷ்கார பிளம்பர்களும் இதை ‘ஃபேன்டம் ஃப்ளஷ்’, அதாவது பேய் ஃப்ளஷ் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே மாமியாரைக் கிண்டல் செய்யாதீர்கள். தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை, அதை மூட ஒரு ரப்பர் வாஷர். பட்டனை அழுத்தினால் வாஷர் எழும்பும், தண்ணீர் இறங்கும், வாஷர் மறுபடி உட்காரும். உட்காருமிடத்தில் கொஞ்சம் உப்பு படிந்திருந்தாலும் தண்ணீர் கசியும். மட்டம் மெல்லக் குறைய, மிதவையும் கூடவே இறங்கும். ஒரு கட்டத்தில், தொட்டிக்குள் தண்ணீர் விடும் பால்காக் திறந்துகொள்ளும். நீங்கள் கேட்ட ‘புஸ்ஸ்’ அதுதான். பெங்களூரில் காவிரித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கும் வீடுகள் எத்தனையோ. குக்கர் அடியில் வெள்ளையாகப் படிவது வாஷரிலும் படியும்.

ஃப்ளஷ் கழிப்பறையைப் பற்றி 1596-லேயே புத்தகம் போட்டவர் ஜான் ஹாரிங்டன், முதலாம் எலிசபெத் ராணியின் ஞானமகன். 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் வளைந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்த வளைவில் நிற்கும் தண்ணீர். ஆனால் அந்தக் காலத்து வால்வுகள் எல்லாம் ஒழுகின. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் தண்ணீர் வீணாவது பெரிய தலைவலியாகி, ‘வேஸ்ட் பிரிவென்டர்’ தொட்டிதான் வைக்க வேண்டும் என்று விதி வந்தது. வால்வே இல்லாத சைஃபன் தொட்டி அப்படித்தான் பரவியது. தாமஸ் க்ராப்பர் அதை விளம்பரம் செய்து விற்றார். அவர்தான் ஃப்ளஷ்ஷைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. 1898-ல் சைஃபன் காப்புரிமை ஒன்றை வாங்கியவர் ஆல்பர்ட் கிப்ளின்.

அந்த சைஃபன் தொட்டியின் தம்பியை நீங்களே பார்த்திருப்பீர்கள். தலைக்கு மேலே வார்ப்பிரும்புத் தொட்டி, தொங்கும் சங்கிலி. உள்ளே ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே. அதன்மேல் கவிழ்த்த கனத்த மணி. சங்கிலியை இழுத்து விட்டால் மணி விழுந்து தண்ணீரைக் குழாய் வாய்க்கு மேல் தள்ளும். அதன்பிறகு சைஃபன் இழுத்துக்கொள்ளும். வாய் மேலே இருப்பதால் மூடவும் வேண்டாம், வாஷரும் வேண்டாம். பால்காக் கெட்டால் மட்டும் தண்ணீர் நிரம்பி வழியும். அப்போதும் சுவருக்கு வெளியே நீட்டிய சின்னக் குழாய் வழியாகத் தெருவில் கொட்டும். ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில், எங்கள் தொட்டி ஒழுகினால் எங்களுக்கு முன்னால் எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும். “நீரு ஹோக்தா இதே ரீ!” (தண்ணீர் போகுதுங்க!) என்ற குரல் வந்த பிறகுதான் அப்பா ஸ்டூலைத் தேடுவார்.

இன்றைய தொட்டியில் அந்த வழிகுழாய் உள்ளேயே இருக்கிறது. வழிந்தாலும் கசிந்தாலும் தண்ணீர் பேசினுக்குள்தான் போகும், எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாது. பழைய தொட்டியைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம்; ஒரு இழுப்புக்கு 10 லிட்டருக்கு மேல் குடிக்கும். அந்தச் செலவைக் குறைக்கத்தான் 1980-ல் ஆஸ்திரேலியாவில் புரூஸ் தாம்சன் இரட்டை பட்டன் தொட்டியைக் கொண்டுவந்தார். பிரிட்டன் சைஃபனோடு வால்வையும் அனுமதித்தது 2001-ல்தான். 2020-ல் அங்கே ‘வாட்டர்வைஸ்’ அமைப்பு போட்ட கணக்கு: ஒழுகும் கழிப்பறைகளால் நாளுக்கு 40 கோடி லிட்டர் வீண்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 200 மில்லி கசிந்தால் நாளுக்கு 288 லிட்டர். ஓர் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவு. அதுவும் இது 100 கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து மூன்று பம்ப் நிலையங்கள் மாறி, சுமார் 500 மீட்டர் மேலேற்றி வரும் காவிரி. 2024 கோடைத் தட்டுப்பாட்டில் குடிநீர் வாரியம் ஏரேட்டர் மாட்டச் சொன்னபோது எங்கள் கட்டடத்தில் குழாய் குழாயாக மாட்டினோம். தொட்டி மூடியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

நீங்கள் திறந்து பாருங்கள். நடுவில் நிற்கும் வழிகுழாயின் தலை மேலே தண்ணீர் வழிந்தால் குற்றவாளி பால்காக். மிதவையைக் கொஞ்சம் தாழ்த்திப் பாருங்கள், நிற்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான். மட்டம் அதற்குக் கீழே இருந்தும் சத்தம் வந்தால் அடி வாஷர். சந்தேகமிருந்தால் படுக்கப் போகும்போது தொட்டிக்குள் கால் ஸ்பூன் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் விட்டுவிடுங்கள். விடியும்போது பேசினில் நிறம் தெரிந்தால் வாஷர்தான்: கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள், விறைத்திருந்தால் புதுசு போடுங்கள்.

மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. விடிகாலையில் முதலில் எழுந்து உள்ளே போகிறவர் அவராகத்தான் இருப்பார். பேசினில் செக்கச்செவேலென்று தண்ணீரைப் பார்த்தால், அப்புறம் நான் எழுதிய எதையும் அவர் நம்பமாட்டார்.