கல்யாண வீட்டில் ஒரு கையெழுத்து

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தங்கைகள் இருவரும் வந்திருந்தார்கள். பந்தி முடிந்தது. அண்ணன் ஒரு பத்திரத்தை நீட்டினார். எல்லோரும் கூடும் இடம் கல்யாண வீடுதானே!

"தாத்தா நிலத்தை விற்றுக் கடனை அடைக்கணும். கையெழுத்துப் போடுங்க."

பெரியவள் பேனாவை எடுத்தாள். சின்னவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அது விடுதலைப் பத்திரம். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது.

"உனக்குத்தான் நகை போட்டோமே!" அண்ணன் குரல் உயர்ந்தது.

நகை வேறு, பங்கு வேறு. 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் உரிமை உண்டு. கல்யாணம் ஆனாலும் அது போகாது. விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால், பத்திரம் பதிவான பிறகு அதை மாற்றுவது கடினம்.

"கடன் எவ்வளவுன்னு சொல்லுங்க அண்ணா. கணக்குப் பார்த்துட்டுப் பேசலாம்."

பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள்.