பொத்தானில் உள்ள சொல் யாருக்கு விளங்க வேண்டும்?

காத்தான்குடியிலிருந்து கல்முனைப் பக்கம் வியாபாரத்துக்குப் போய் வருவோருக்குக் குருக்கள்மடம் தெரியாத ஊரல்ல. அங்கே நின்று, படுவான்கரையிலுள்ள அம்பிளாந்துறைக்கு எப்படிப் போவது என்று கேட்டால், "பாதையில போங்க" என்பார்கள். வெளியூர்க்காரர் தெருவைத் தேடுவார். நமக்கோ பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. சொன்னவர் மீதும் பிழையில்லை, கேட்டவர் மீதும் பிழையில்லை. கணனித் திரையில் வரும் பொத்தான்களின் கதையும் இதுதான். ஆனால் மனிதரிடம் திரும்பக் கேட்கலாம், பொத்தானிடம் கேட்க முடியாது.

பில் போடும் மென்பொருள் இப்போது நமது கடைகளிலும் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு புடவைக் கடையில் பெருநாள் நெரிசல். பில் போட்ட பிறகு வாடிக்கையாளர் ஒருவர் வேண்டாம் என்று போய்விட்டார். கடையில் நின்ற தம்பி பில்லை நீக்கப் போனபோது, "இந்தப் பில்லை ரத்துச் செய்யவா?" என்று திரை கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'சரி', 'ரத்து'. அவர் ரத்துச் செய்யத்தானே வந்தார்? 'ரத்து' என்பதை அழுத்தினார். மென்பொருளோ, ரத்துச் செய்வதையே ரத்துச் செய்துவிட்டது! பில் அப்படியே நின்றது. இரவு கணக்குப் பார்த்தபோது லாச்சியில் காசு குறைவு. காரணம் பிடிபட மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஒரு ஏழைப் பிள்ளையின் அமானிதத்தின் மீது எல்லோருக்கும் சந்தேகம். காசு நட்டத்தை விட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

படிக்காத பிள்ளை என்று சொல்லித் தப்ப முடியாது. 2020 ஆகஸ்ட் 11ஆந் திகதி அமெரிக்காவின் சிட்டி வங்கிக்கு நடந்ததைப் பாருங்கள். ரெவ்லோன் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தோருக்குச் சுமார் 78 இலட்சம் டொலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. (வட்டி விவகாரம் நமக்கு வேண்டாம், படிப்பினையை மட்டும் எடுப்போம்.) முதல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்கிலேயே நிற்க வேண்டுமானால் 'பிரின்சிபல்', 'ப்ரொன்ட்', 'பண்ட்' என்ற மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும். முதல் தொகை என்பதற்கான ஆங்கிலச் சொல்தான் பிரின்சிபல் என்பதால், அதை மட்டும் நிரப்பினால் போதும் என்று நினைத்தார்கள். ஒருவரல்ல, மூன்று பேர் பார்த்து அனுமதித்தார்கள். இடையில் வந்த எச்சரிக்கை, பணம் வங்கியை விட்டு வெளியே போகும் என்றது. எவ்வளவு என்று சொல்லவில்லை. வட்டிப் பணம் எப்படியும் போகத்தானே வேண்டும்? ஏறத்தாழ 90 கோடி டொலர் போய்விட்டது. சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டொலரைக் கொடுக்க மறுத்தார்கள். 2021 பெப்ரவரியில் வங்கி வழக்கில் தோற்று, 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டில்தான் வென்றது.

மென்பொருளைச் செய்தவருக்கு அந்த மூன்று கட்டங்களும் குருக்கள்மடத்தாருக்குப் பாதை போலத் தெளிவாக இருந்திருக்கும். ஒருவர் ஒன்றை நினைக்க மற்றவர் வேறொன்றை விளங்கிக்கொள்ளும் கொடுக்கல் வாங்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, கரர் பற்றிப் படித்த வர்த்தகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே மென்பொருள் வாங்குமுன், விற்க வந்தவரின் விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். கடையில் புதிதாகச் சேர்ந்தவரை முன்னால் இருத்தி, ஒவ்வொரு பொத்தானையும் காட்டி, "இதை அழுத்தினால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் சொல்லை மாற்றித் தரச் சொல்லுங்கள். 'நீக்கு' என்றால் ஒரு பொருளையா, முழுப் பில்லையுமா? 'சரி' என்றால் எதற்குச் சரி? காசு, கையிருப்பு இரண்டையும் தொடும் பொத்தான்களை முதலில் பாருங்கள்.

அந்தப் புடவைக் கடையில் இப்போது கேள்வி அதேதான். பொத்தான்கள் மட்டும் 'பில்லை அழி', 'பில் இருக்கட்டும்' என்று மாறியிருக்கின்றன. தம்பியும் அங்கேதான் வேலை செய்கிறார்.