நச்செள்ளை என்னும் பெயர்

பிரிந்தோன் வரவைக் கரைந்துணர்த்திய காக்கையைக் குறுந்தொகையிற் புகழ்ந்தமையால், சங்ககாலப் பெண்பாற் புலவர் ஒருவர் காக்கைபாடினியார் எனப்பட்டார். அவருடைய இயற்பெயர் செள்ளை; மக்கள் நினைவில் நின்றதோ காக்கையே! பெயரின் முன்வரும் 'ந' சிறப்புப் பொருளைத் தரும் இடைச்சொல். நக்கீரர், நப்பூதனார், நப்பின்னை என்னும் பெயர்களிலும் அதனைக் காண்க.

செள்ளை அக்கால மகளிர் பெயரே என்பதற்குப் பதிற்றுப்பத்தும் அரண் செய்கின்றது. அந்நூலின் ஒன்பதாம் பதிகம் இளஞ்சேரல் இரும்பொறையின் தாயை அந்துவஞ்செள்ளை எனக் குறிக்கின்றது. ஆறாம் பத்தைப் பாடியவர் நம் நச்செள்ளையார். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவருக்கு அணிகலன் செய்துகொள்ள 9 காப் பொன்னும், 1,00,000 காணமும் அளித்துத் தன் அருகே இருத்திச் சிறப்பித்தான். கா என்பது ஒரு நிறையளவு. காணம் என்பது பொற்காசு. அரசியும் புலவரும் தாங்கிய அப்பெயரை இன்று தம் மகளிர்க்கு இடுவார் அரியர்.